கீழ் வீடு வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதை நினைத்துக்கொண்டே ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தேன். "புயல் கரையைக் கடந்துவிட்டது அம்மா. எழுபது கிலோமீட்டர் காற்றுதான். ரெண்டு மரம் விழுந்தது, அவ்வளவுதான், முடிந்தது" என்றாய். அதே மூச்சில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு கீழ் வீடு பார்த்திருப்பதாகவும் சொன்னாய். போனில் மறுப்புச் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். மூன்று புயல்களுக்குப் பிறகு நிவாரண முகாம்களில் வேலை பார்த்திருக்கிறேன். செய்தியில் முதலில் காற்றின் வேகத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் புயலில் ஆட்களை அதிகமாகக் கொண்டுபோவது தண்ணீர். காற்று கடலைக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வருகிறது. கரையோரம் ஆழமில்லாத கடலாக இருந்தால் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் ஏது? மேலே ஏறுகிறது. அலை மாதிரி வந்து அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடாது. கடல்மட்டமே உயர்ந்து ஊருக்குள் வந்து மணிக்கணக்கில் நிற்கும். தினமும் கடல் ஏறி இறங்குகிற ஓதம், ஏறுகிற நேரமாகவும் அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தில் போலா புயல் வந்தபோது அப்படித்தான் ஆயிற்று. நடு ராத்திரி, ஏறிய ஓதம், தட்டையான தீவுகள். குறைந்தது மூன்று லட்சம் பேர் போனார்கள்.

அது பழைய கதை என்பாய். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸில் ஹையான் புயல் வந்தபோது எச்சரிக்கையெல்லாம் முன்கூட்டியே கொடுத்தார்கள். நான் மேலே சொன்ன அந்தக் கடல் ஏற்றத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்று பெயர். அது வரும் என்று அந்தப் பெயரிலேயேதான் அறிவித்தார்கள். டக்ளோபான் நகரத்தில் பலருக்கு அந்தச் சொல் என்னவென்றே பிடிபடவில்லை. "சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே" என்று தப்பித்தவர்கள் பிறகு சொன்னார்கள். அந்த நாட்டில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? 'கடல் சீற்றத்துடன் காணப்படும்' என்று சாதாரண நாளிலும் எழுதுகிறார்கள், பெரும் புயலுக்கும் அதையே எழுதுகிறார்கள். 'உன் தெருவில் இடுப்பளவு கடல் வரும்' என்று சொன்னால் யாருக்குப் புரியாது?

இன்னொன்று. அடிக்கிற காற்று சட்டென்று நின்று வானம் வெளுத்தால் வெளியே வந்து வேடிக்கை பார்க்காதே. அது புயலின் கண்ணாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று திரும்ப ஆரம்பிக்கும். முதல் பாதியில் ஆடிப்போன கூரையெல்லாம் இரண்டாம் பாதியில்தான் பறக்கும்.

சரி, நீ சொன்ன அந்த 'முடிந்தது'க்கு வருகிறேன். 2017 செப்டம்பரில் கரீபியன் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா புயல் தாக்கியது. இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு சொன்னது. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, ஆய்வு ஒன்றைப் பார்த்த பிறகு, அதே அரசு அந்த எண்ணிக்கையை 2,975 ஆக மாற்றியது. அத்தனை பேரையும் காற்றா தூக்கிப்போனது? கரண்ட் இல்லை. தீவு முழுக்க அது திரும்பி வரவே பதினோரு மாதம் போல ஆயிற்று. கரண்ட் இல்லையென்றால் டயாலிசிஸ் இல்லை, ஆக்சிஜன் மெஷின் ஓடாது, இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வழியில்லை. சாலை இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வராது. அப்படிப் போகிறவர்களை யாரும் புயல் கணக்கில் எழுதுவதில்லை. மாரடைப்பு, சர்க்கரை, வயோதிகம் என்று எழுதிவிடுகிறார்கள். நானே அப்படி எழுதிய காகிதங்களைக் கையில் வாங்கியிருக்கிறேன்.

முகாமில் முதல் இரண்டு நாள் அடிபட்டவர்கள் வருவார்கள், அப்புறம் கூட்டம் குறையும். பத்தாவது நாள் போல மறுபடியும் வரிசை நீளும். காலில் கீறலோடு சேற்றில் நின்று வீட்டைக் கழுவியவர்கள், காய்ச்சலும் மஞ்சள் கண்ணுமாக வருவார்கள். எலிக்காய்ச்சல். வயிற்றுப்போக்கு தனி. வெள்ளம் ஏறினால் பாம்பும் நம்மைப் போல மேடு தேடும் என்பதால் பாம்புக்கடியும் உண்டு. ஒரு முகாமில் பெண்களுக்கென்று கழிப்பறையே இல்லை. இருட்டுகிற வரை அடக்கிக்கொள்ளலாம் என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக அவர்கள் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. 1991 இல் வங்கதேசத்தில் அடித்த புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள் என்று பிறகு படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. காப்பிடத்துக்கு எப்போது கிளம்புவது என்பதைப் பல வீடுகளில் பெண்கள் முடிவு செய்வதில்லையே.

மண்ணுக்கும் இதே கதைதான். 2009 இல் ஐலா புயல், வங்காளத்துக் கடலோரம் இருக்கும் சுந்தரவனப் பகுதியில் தடுப்பு மண்கரைகளை உடைத்து உப்புநீரை வயலுக்குள் விட்டது. தண்ணீர் வடிந்தாலும் உப்பு வடியவில்லை. பல இடங்களில் வருடக்கணக்கில் நெல் சரியாக விளையவில்லை, குளத்து நீரைக் குடிக்க முடியவில்லை, பிழைப்புத் தேடி ஆட்கள் நகரங்களுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களும் புயலில் பாதிக்கப்பட்டவர்கள்தானே?

சில விளைவுகள் எங்கே போய் முடியும் என்று ஊகிக்கவே முடியாது. 2018 இல் மெகுனு, லுபான் என்று இரண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் மழையைக் கொட்டின. மணல்மேடுகளுக்கு நடுவே ஏரிகள் உண்டாகி, ஈரத்தில் செடி முளைத்து, வெட்டுக்கிளிகள் யார் கண்ணிலும் படாமல் பெருகின. அவற்றின் வாரிசுகள்தான் ஒன்றிரண்டு வருடத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் பயிரைத் தின்றன.

புயலை வெறுமனே திட்டிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. வறண்ட நிலத்துக்கு மழை கொண்டுவருகிறது. கடலைக் கலக்கி, அடியிலிருந்து குளிர்ந்த நீரையும் சத்துகளையும் மேலே ஏற்றுகிறது. கடலுக்கும் ஊருக்கும் குறுக்கே, கரையோரச் சேற்றில் வளர்ந்து நிற்கிற அலையாத்திக் காட்டை வெட்டி வீடும் இறால் பண்ணையும் போட்டது நாம்தான். 1999 ஒடிசா புயலில், கேந்திரபாரா மாவட்டத்தில் அகலமான அலையாத்திக் காடு முன்னால் இருந்த கிராமங்களில் சாவு குறைவு என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்துச் சொன்னார்கள். அந்தப் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அதே மாநிலத்துக்கு 2013 இல் பைலின் வந்தது. அதுவும் லேசுப்பட்ட புயல் இல்லை. பத்து லட்சம் பேர் போல முன்கூட்டியே வெளியேற்றினார்கள், சாவு சில பத்துகளோடு நின்றது. வீடும் பயிரும் போனது போனதுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்த ஊர் வேலையை விட்டுவிடாதே. அப்படிச் சொல்ல வரவில்லை. கடல் சூடாகிக்கொண்டே போகிறது, அந்தச் சூடுதான் புயலுக்குத் தீனி. கடல்மட்டமும் ஏறுகிறது, அதாவது உன் வாசலுக்கு வர அது ஏற வேண்டிய உயரம் வருடா வருடம் குறைகிறது. அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பார். பழைய மதில்களில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா என்று பார். தரகரைக் கேட்காதே, பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிற வயதானவர்களைக் கேள். அவர்கள் கையை எந்த உயரத்தில் வைத்துக் காட்டுகிறார்கள் என்று கவனி.

மாடியில் வீடு கிடைத்தாலும் ஒன்று கேட்க வேண்டும். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா, ராத்திரியில் அதன் சாவி யாரிடம் இருக்கும்? வீட்டுக்காரரிடம் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா