450 கிலோ தாங்கும் என்றீர்கள், 43 கிலோவுக்கே தட்டின் காது கழன்றது

அனுப்புநர்:
பெயரும் முகவரியும் இணைப்பிலுள்ள பில்லில் கண்டபடி,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

நாள்: 09.06.2025

பொருள்: டிராலி ஜாக்கியில் (சக்கரத்தில் உருளும் ஜாக்கி) மாட்டும் கியர்பாக்ஸ் அடாப்டர் (கியர்பாக்ஸை உட்கார வைத்துத் தூக்கும் தட்டு) முதல் வேலையிலேயே உடைந்தது – பணத்தைத் திரும்பக் கேட்டும், 450 கிலோ என்ற விளம்பரத்தை எடுக்கச் சொல்லியும் – தொடர்பாக.

பார்வை: 1. எனது 28.04.2025 ஆர்டர். 2. எனது 19.05.2025 மின்னஞ்சல் புகார். 3. தங்கள் 27.05.2025 பதில்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எனக்கு மீன் ஏற்றும் தொழில். சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன், பதினோரு வருடப் பழசு. மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகு மீன் ஏற்றுவேன். அது இல்லாத நாளில் புதுமடம், வேதாளை கரையில் நாட்டுப்படகு மீன். கரைக்குப் போனால் வண்டியை மணலில் இறக்கித்தான் ஆக வேண்டும். லோடோடு மணலில் இருந்து ஏறும்போது பாதிக் கிளட்சில் நின்று உறுமும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் இராமநாதபுரம் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கூலி மட்டும் ஐயாயிரத்துக்குக் குறையாது. வண்டி நான்கு நாள் அங்கேயே கிடக்கும். இந்தத் தொழிலுக்கு வரும் முன் எட்டு வருடம் லாரி பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் நான். கியர்பாக்ஸ் இறக்குவது எனக்குப் புதிதில்லை. தூக்கிப் பிடிக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், எனக்கும் வயது ஐம்பத்து மூன்று.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, எனக்கும் பெரிய லோடு இருக்காது. வண்டி வேலையெல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்தால்தான் உண்டு. அப்போதுதான் உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது. “வீட்டிலேயே, தனி ஆளாக, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றலாம். 450 கிலோ தாங்கும். எல்லா டிராலி ஜாக்கிக்கும் பொருந்தும்.” விலை 3,890 ரூபாய், அனுப்பும் கூலி 180. நிஜமான கியர்பாக்ஸ் ஜாக்கி அதைப்போல் நாலைந்து மடங்கு விலை. இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் வேலைக்கு அவ்வளவு போட மனம் வரவில்லை. மே 5 அன்று பொருள் வந்து சேர்ந்தது.

பெட்டியைப் பிரித்ததும் நெருடிய இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் செய்தவர் பெயரும் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. எந்த நாட்டில் செய்தது, எந்த மாதம் செய்தது, உச்ச விலை என்ன, எதுவுமே அச்சிடவில்லை. பொட்டலப் பொருளுக்கு இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதி. உள்ளே ஒரே ஒரு தாள், அதில் பாதி ஆங்கிலம், பாதி சீன எழுத்து. சங்கிலியை எப்படி மாட்டுவது என்பதற்குக் கட்டை விரல் நகம் அளவில் ஒரு படம். தூக்கிய சுமைக்குக் கீழே படுக்காதே என்ற ஒரு வரிகூட அதில் இல்லை.

அடுத்து, “எல்லா ஜாக்கிக்கும் பொருந்தும்” என்ற கதை. என் ஜாக்கியின் தலைக் கிண்ணத்தைக் கழற்றினால் கீழே உள்ள துளை 30 மில்லிமீட்டர். உங்கள் தட்டின் அடியில் இருக்கும், அந்தத் துளையில் இறங்கும் பின் (முளை) 25. ஐந்து மில்லிமீட்டர் ஆட்டத்தோடு அதன் மேல் சுமை வைக்க எனக்குப் பைத்தியமா? லேத்தில் கொடுத்து ஒரு புஷ் (இடைவெளியை அடைக்கும் வளையம்) கடைந்து போட்டேன், 250 ரூபாய். இதை நானே எழுதக் காரணம் உண்டு. பொருளை மாற்றியமைத்துவிட்டீர்கள் என்று நாளைக்கு நீங்கள் சொல்லக்கூடும். புஷ் போட்டது பின்னில். உடைந்த இடம் அதற்கும் மேலே, வேறு பாகம். புஷ் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

மே 18, ஞாயிற்றுக்கிழமை. வேலை நடந்தது மணலில் என்று உங்கள் பதிலில் ஊகித்து எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று பார்த்ததும் மணல்தான் ஞாபகம் வந்தது போலும். டிராலி ஜாக்கியை மணலில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதன் கை வளைவாக மேலே ஏறும். ஏற ஏற ஜாக்கியே சக்கரத்தில் கொஞ்சம் நகர்ந்து கொடுக்க வேண்டும். மணலில் சக்கரம் புதைந்தால் நகராது, சுமையைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவேதான் என் ஐஸ் கொட்டகையின் சிமென்ட் தரையில் வைத்துச் செய்தேன். வண்டி நான்கு ஆக்ஸில் ஸ்டாண்டில் நின்றது. எல்லாம் போட்டோவில் இருக்கிறது, மே 19 அன்றே அனுப்பியிருக்கிறேன், திறந்து பாருங்கள்.

கூட என் அக்கா மகன். படகுகளுக்கு வெல்டிங் செய்கிறவன். பழைய கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, கிராஸ் மெம்பரை எடுத்து, உங்கள் தட்டின் மேல் கியர்பாக்ஸை உட்கார வைத்து, சங்கிலியை இறுக்கி இறக்கினோம். இறங்கும்போது எந்தக் குறையும் இல்லை. அதையும் சொல்ல வேண்டியதுதான் நியாயம். இறக்கியதை மீன் நிறுக்கும் மின்னணுத் தராசில் ஏற்றிப் பார்த்தேன், 43 கிலோ. நீங்கள் சொன்ன 450இல் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

புது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் மாட்டி, பழைய இன்புட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் முன்தண்டு) துண்டை விட்டு மையம் பார்த்து முடித்து, மதியம் மூன்று மணிக்கு மேல் கியர்பாக்ஸை மறுபடி ஏற்றினோம். இந்த வேலையின் சிரமம் எல்லாம் இங்கேதான். இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் நூல் பிடித்தாற்போல் நேராக நுழைய வேண்டும். பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் முன்கூடு) இன்ஜினோடு ஒட்டி, போல்ட் பிடிக்கும்வரை கியர்பாக்ஸின் எடை ஷாஃப்ட்டில் தொங்கவே கூடாது. தொங்கினால் பிளேட் வளைந்துவிடும். முன்பக்கம் கொஞ்சம் தூக்கி, பின்பக்கம் கொஞ்சம் தாழ்த்திச் சரி பார்க்கத்தான் உங்கள் தட்டில் சாய்வுத் திருகு வைத்திருக்கிறீர்கள். ஷாஃப்ட் முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. ஸ்பேனரால் சாய்வுத் திருகை அரைச்சுற்று சுற்றினேன். ‘டணக்’ என்று ஒரு சத்தம். தட்டின் முன்பக்கம் அப்படியே மடங்கிக் கீழே போனது. கியர்பாக்ஸ் இரண்டு நொடி ஷாஃப்ட்டில் தொங்கியது, பிறகு உருவிக்கொண்டு விழுந்தது.

“மாமா, கைய எடுத்துட்டேன்” என்றான் அவன். முழுதாக எடுத்திருக்கவில்லை. வலது நடுவிரல் நகம் கறுத்து, பத்து நாளில் விழுந்தது. பட்டறையில் என் ஆசான் பழக்கிவிட்ட ஒரு வழக்கத்தால் ஜாக்கியின் இரு பக்கமும் பழைய டயர் போட்டிருந்தேன். கியர்பாக்ஸ் அதன் மேல் விழுந்ததால் ஹவுசிங் உடையவில்லை. கிளட்ச் பிளேட் போனது. கழற்றிச் சுழற்றிப் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டு ஆடுவதுபோல் ஆடியது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெரிதாக்கிப் பார்க்கும்படி இணைப்பில் 6, 7ஆம் படங்களை வைத்திருக்கிறேன். சாய்வுத் திருகைத் தாங்கும் காது (நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் துண்டு), தட்டோடு வெல்டிங் செய்த இடத்தில் பிய்ந்திருக்கிறது. பிய்ந்த முகத்தைத் திருப்பி வெயிலில் காட்டினான் என் அக்கா மகன். ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் பளபளவென்று புது உலோகம், மிளகு அளவு. மற்ற இடம் முழுக்கக் கறுப்பு. விரலால் தேய்த்துப் பார்த்தேன். அது உங்கள் பெயிண்ட். வெல்டிங்குக்கும் இரும்புக்கும் நடுவில் பெயிண்ட் எப்படிப் போகும்? பெயிண்ட் அடிக்கும்போதே அங்கே இடைவெளி இருந்தால்தான் போகும். வெல்டிங் இரும்பில் இறங்கவே இல்லை, மேலே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. “சும்மா பொட்டு வச்ச மாதிரி வச்சுட்டு, மேல கறுப்பு அடிச்சு மூடிருக்கான், மாமா” என்றான். அவன் தொழில் அது. மறுபக்கக் காதையும் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினோம், அங்கேயும் ஓரத்தில் பெயிண்ட் கீறியது.

ஆகவே இது என் கையில் வந்தபின் ஆன பழுதே இல்லை. உங்களிடமிருந்து வந்ததே அப்படித்தான். துருவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு வாரத்தில் சங்கிலியும் நான்கு மூலைக் கொக்கிகளும் சிவந்துவிட்டன. இந்த உப்புக்காற்றில் வீட்டுப் பூட்டே அப்படித்தான் ஆகும், அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். விலை மலிவு என்றால் பெயிண்ட் மட்டமாக இருக்கலாம், திருகு கரகரக்கலாம், பின் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆடலாம். 450 என்ற எண்ணை நம்பித்தான் மனிதன் அதற்குக் கீழே தலையை நீட்டுகிறான். அந்த எண்ணிலும் மலிவு பார்த்தால் எப்படி?

உங்கள் பதிலுக்கு வருகிறேன். மின்வணிக விதிகள், 2020 படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும். உங்கள் கணினி இரண்டு நொடியில் தந்துவிட்டது: “தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்.” மனிதர் ஒருவர் பதில் எழுத எட்டு நாள் ஆனது. அவர் எழுதியது: இந்தப் பொருள் பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டும் பயன்படுத்த வேண்டியது, வீட்டு உபயோகத்தில் சேதமானால் வாரண்டி கிடையாது, அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. விளம்பரத்தில் “வீட்டிலேயே, தனி ஆளாக”. புகார் வந்ததும் “மெக்கானிக் மட்டும்”. இரண்டில் எது நிஜம் என்று நீங்களே முடிவு செய்து எழுதுங்கள். நான் மெக்கானிக்கும்தான், வீட்டில் செய்தவனும்தான். உங்கள் இரண்டு வாக்கியத்திலும் எனக்கு இடம் இருக்கிறது. தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம்.

எனக்கு வர வேண்டியது: பொருள் விலை 3,890, அனுப்பும் கூலி 180, புஷ் 250, மறுபடி வாங்கிய கிளட்ச் பிளேட் 2,650. ஆக மொத்தம் 6,970 ரூபாய். பில் நகல்கள் இணைப்பில் உள்ளன. போன நகத்துக்குக் காசு கேட்கவில்லை. வேலையை எப்படி முடித்தோம் என்று கேட்டால், படகு வேலை செய்யும் இடத்தில் செயின் பிளாக் (சங்கிலி இழுத்துச் சுமை தூக்கும் கருவி) இரவல் வாங்கி, கேபின் குறுக்கே பனங்கட்டை வைத்து, கியர் லீவர் துளை வழியாகச் சங்கிலி இறக்கி, பழைய பாணியில் ஏற்றினோம். ஒரு மணி நேரம்தான் ஆனது. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம் என்று வீட்டில் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

பணத்தோடு இன்னொன்றும் கேட்கிறேன். 450 கிலோ என்று எந்தப் பரிசோதனையின்பேரில் எழுதினீர்களோ அந்தச் சான்றின் நகலை அனுப்புங்கள். சான்று இல்லையென்றால் அந்த எண்ணை விளம்பரத்திலிருந்து இன்றே எடுங்கள். இதே பொருளை வாங்கியவர்கள் எல்லாருக்கும், காதின் வெல்டிங்கைப் பார்க்காமல் சுமை வைக்க வேண்டாம் என்று தகவல் அனுப்புங்கள். அவர்களுடைய கைப்பேசி எண்ணெல்லாம் உங்களிடம் இருக்கிறது. தள்ளுபடிச் செய்தி தினமும் வருகிறதே.

உடைந்த பொருளை என் செலவில் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன். இந்த வழக்கில் சாட்சி சொல்லப்போவது அந்தக் காது ஒன்றுதான். சாக்கில் சுற்றி ஐஸ் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் காட்டுகிறேன், டீயும் உண்டு. நுகர்வோர் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டால் அங்கே ஒப்படைப்பேன்.

அதே மின்வணிக விதிகளின்படி புகார் பெற்ற நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்தக் கெடு ஜூன் 19 அன்று முடிகிறது. அதற்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. மீன் இறக்க நான் வாரம் ஐந்து நாள் அந்த ஊருக்குப் போகிறவன், வாய்தாவுக்கு என்று தனியாகப் பஸ் ஏற வேண்டியதில்லை.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. அதன்பின் பகலில் போன் எடுக்க முடியாது. பதிலை எழுத்தில் அனுப்பவும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பில் நகல்கள் 4, படங்கள் 9, தங்கள் விளம்பரப் பக்கத்தின் அச்சுப் பிரதி (28.04.2025 அன்று எடுத்தது).