வெயிலில் வைத்த பாட்டில் உப்பை எடுக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தாலே, 'தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வெயிலில் வையுங்கள், சுத்தமாகிவிடும்' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. அது பாதி உண்மைதான். மீதியைச் சொல்லாததால், உவர்நீரும் ஃபுளோரைடும் உள்ள ஊர்களில் ஏழைக் குடும்பங்கள் கெட்ட தண்ணீரை நம்பிக் குடிக்க நேரிடுகிறது.

புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான். நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கும். 2 லிட்டருக்கு மேல் கூடாது. லேபிளைக் கிழித்துவிட்டு, முக்கால்வாசி நிரப்பி 20 விநாடி குலுக்கி, பிறகு வாய்வரை நிரப்பி மூடி, தகரத்தின் மேல் படுக்கவைக்க வேண்டும். நல்ல வெயிலில் 6 மணி நேரம். வானத்தில் பாதிக்கு மேல் மேகம் என்றால் தொடர்ந்து 2 நாள். அடைமழையில் கொதிக்கவைப்பதே வழி. 20 லிட்டர் கேனை அப்படியே மொட்டைமாடியில் வைப்பதில் பயனில்லை; கெட்டியான அந்தப் பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும்.

ஊருணித் தண்ணீரில் இந்த முறை தோற்பதற்குக் கலங்கல்தான் பெரும்பாலும் காரணம். நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாள் மேல் நிறுத்தி, வாய்வழியாகப் பாருங்கள். தலைப்பு எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் கதிரும் ஊடுருவாது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்து, தண்ணீரைத் தெளியவிட்டு, நாலாக மடித்த வேட்டித் துணியில் வடித்த பிறகே பாட்டிலில் ஊற்ற வேண்டும். மணல் போட்டுக் குலுக்கிப் பாட்டில் கழுவுவதையும் விட்டுவிடலாம். உள்ளே கீறல் விழுந்து பாட்டில் மங்கிப்போகும். வெயில் காட்டிய தண்ணீரைக் குடத்தில் கொட்டிக் கைவிட்டு மொண்டால் பட்ட பாடெல்லாம் வீண். அந்தப் பாட்டிலிலிருந்தே குடிக்க வேண்டும்.

ராமநாதபுரம் கடலோரத்து உப்புக்கும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடுக்கும் பாட்டிலும் உதவாது, கொதிக்கவைப்பதும் உதவாது. கொதித்து நீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும். அங்கே வெயிலில் ஆவியாக்கி வடிக்கும் தொட்டிதான் வேண்டும்; ஆவி மேல்கண்ணாடியில் துளியாகப் படிந்து வழியும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஒரு சதுர மீட்டர் சிமெண்ட் தொட்டி, உள்ளே கறுப்புப் பூச்சு, 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தண்ணீர், மேலே தெற்கு நோக்கிச் சாய்ந்த 4 மில்லிமீட்டர் கண்ணாடி, அதன் தாழ்ந்த ஓரத்தில் வடிகால். கண்ணாடியின் சாய்வு 15 டிகிரியாவது இருக்கட்டும். மட்டமாக வைத்தால், வழிந்து வடிகாலுக்கு வர வேண்டிய துளி பாதியிலேயே சொட்டித் தொட்டிக்குள் விழுந்துவிடும். ஓரத்தில் சிலிக்கான் பசை விட்டுப்போனால் ஆவி வெளியேறி, பகல் முழுக்கக் காய்ந்தும் அரை லிட்டர்கூடத் தேறாது. தினமும் காலையில் எஞ்சிய உவர்நீரைத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். இல்லையேல் அடியில் உப்பு படிந்து கறுப்பு வெளுக்கும், கிடைக்கும் தண்ணீர் குறையும். பூச்சு வாடை போகும்வரை முதல் சில நாள் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் குடிக்க நாளுக்கு 10 லிட்டர் என்றால் 4 சதுர மீட்டராவது வேண்டும். இதைச் சொல்லாமல் ஒரே ஒரு தொட்டியைக் கட்டிக் கொடுப்பதால்தான் சில மாதத்தில் அது குப்பைத்தொட்டி ஆகிறது.

எந்த முறை என்று முடிவெடுக்குமுன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். வீட்டுக் குழாய்நீருக்கான ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பாட்டில் முறையைப் பரிந்துரைக்கவே கூடாது. சோதனை முடிவை ஊராட்சிகள் தண்ணீர்த் தொட்டியின் சுவரிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குடிநீர்ப் பரிசோதனைப் பணியில் உள்ளோர்,
ராமநாதபுரம் மாவட்டம்.