ஏரோப்ளேனைத் தவிர எல்லாம்

அன்புள்ள மாப்பிள்ளை,

போன வாரம் பெங்களூரில் உன் அறையில் சாப்பிட உட்கார்ந்தபோது, உன்னோடு வேலை பார்க்கும் நாகாலாந்து நண்பரிடம், "உங்க ஊர்ல பறக்குறதுல ஏரோப்ளேனைத் தவிர எல்லாத்தையும் சாப்பிட்ருவீங்களாமே" என்றாய். அவர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். பஸ் ஏறிய பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது.

நாம் எந்த ஊர்க்காரர்கள் மாப்பிள்ளை? சிங்கம்புணரிப் பக்கம். மாசி சிவராத்திரி முடிந்ததும் பாரி வேட்டைக்குக் கிளம்பும் கூட்டத்தில் உன் அப்பாவும் என் அப்பாவும் முன்னால் நின்றவர்கள். கையில் கம்பு, தோளில் வலை, கூட நாலைந்து நாய். பொழுது சாயும்போது முயல்களைக் கம்பில் கோத்துத் தூக்கி வருவார்கள். கறியைக் கூறு போட்டால் வேட்டைக்கு ஆள் போகாத வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் அப்பத்தா அந்தப் பங்குக்காகக் காலையிலேயே மிளகாய் அரைத்து வைத்துவிடும். வேட்டை நடந்தால்தான் மழை பெய்யும் என்று அதற்கு நம்பிக்கை. 1972 வனவிலங்குச் சட்டப்படி இந்த முயலைத் தொடுவதே குற்றம். இப்போதெல்லாம் சிவராத்திரிக்கு முன்பே வனத்துறை வந்து எச்சரிக்கிறது. ஆனாலும் நம்மை யாரும் 'முயல் தின்னி' என்று சொன்னதில்லை. நமக்கு அது சாமி காரியம்.

அவர் ஊர்க் கதையும் உனக்குத் தெரிய வேண்டும். வோக்கா மாவட்டத்தில் தோயாங் என்று ஓர் அணை. அது கட்டியபோது பாங்டி ஊர்க்காரர்களின் வயல்கள் தண்ணீருக்குள் போயின. விவசாயம் போனவர்கள் மீன்பிடிக்கு இறங்கினார்கள். சைபீரியாவிலிருந்து தென்னாப்பிரிக்கா போகும் அமூர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பரில் அந்த நீர்த்தேக்கத்துப் பக்கம் லட்சக்கணக்கில் வந்து தங்கும். ஒன்று சுமார் 150 கிராம்தான் இருக்கும். மீன் வலையை மரங்களுக்கிடையே கட்டினால் கொத்துக்கொத்தாகச் சிக்கும். 2012-இல் ஒரு நாளைக்கு 12,000-க்கும் மேல் பிடிபட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். படங்கள் உலகமெல்லாம் பரவின. உன் நகைச்சுவையும் அந்தப் படங்களில் பாதி பிறந்திருக்கும்.

சரி, அடுத்த வருஷம் என்ன ஆயிற்று? ஊர்ச்சபையும் தேவாலயமும் தடை போட்டன. 2013-இல் ஒரு பறவைகூடக் கொல்லப்படவில்லை. பறவைகளை விற்று வந்த வருமானத்தை விட்டவர்கள் அந்த மீனவர்கள்தான். அந்த நவம்பரில் செயற்கைக்கோள் கருவி கட்டிப் பறக்கவிட்ட மூன்று வல்லூறுகளுக்கு நாகா, வோக்கா, பாங்டி என்றே பெயர். ஒரே வருஷத்தில்! நம் ஊரில் எத்தனை வருஷமாகச் சொல்லியும் கம்பைக் கீழே வைக்க மனசு வரவில்லையே.

நாகாலாந்துக்காரர் என்றால் இப்படித்தான் என்கிறாயே, நம் மாவட்டத்தையே ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியுமா? திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி. பெயரைக் கேட்டால் வேட்டைக்காரர் ஊர் போலத்தான் இருக்கும், இருப்பதோ பறவைகள் சரணாலயம். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பாரி வேட்டைக்காரரும் இவர்களும் ஒரே சிவகங்கைச் சீமைதான்.

இந்த வாய் நமக்கு ரொம்ப நாளாகவே உண்டு. பள்ளிக்கூடம் போகும் வழியில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களைப் பார்த்து 'பூனைக்கறி' என்று கத்தியது ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் கண்ணி வைத்து நரி பிடித்தால் இழிவு. அதே நரியை ஊட்டிப் புல்வெளியில் வெள்ளைக்காரத் துரைகள் குதிரை ஏறி, சீமை நாய்களை விட்டுத் துரத்தியதற்குப் பெயர் விளையாட்டு.

மன்னிப்புக் கேள் என்று சொல்லவில்லை, நானும்தானே சிரித்தேன். மாசிக்கு ஊருக்கு வரும்போது அவரையும் கூட்டி வா. பாரி வேட்டை என்றால் என்ன என்று அவர் கேட்பார். பதில் நீதான் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்