பச்மடி வரை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு நன்றி

1984 மே மாதம் திருநெல்வேலியிலிருந்து பச்மடிக்குப் பேருந்திலேயே போய்வந்த பள்ளிச் சாரணர் குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன். பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தில், சாத்பூரா மலைமேல் உள்ள அந்த ஊரில்தான் இருக்கிறது. ரயிலில் போயிருக்கலாம். ஆனால் எங்கள் சாரண ஆசிரியர், "நாட்டைப் பார்க்கத்தானல போறோம், தூங்கிக்கிட்டே கடந்துட்டா எதைப் பார்ப்பீங்க?" என்றார். கன்னியாகுமரியையும் வாரணாசியையும் இணைத்த பழைய ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. 2,369 கிலோமீட்டர், அன்றைக்கு நாட்டிலேயே நீளமான சாலை. அதில் நாகபுரி வரை ஏறிப் போவதென்று முடிவானது.

தினம் ஒரு நற்செயல் செய்யவேண்டும் என்பது சாரணர் வழக்கம். அந்தப் பயணத்தில் நாங்கள் பிறருக்குச் செய்ததைவிட, முன்பின் தெரியாதவர்கள் எங்களுக்குச் செய்தது எத்தனையோ மடங்கு. இந்தக் கோடையில் பழைய சாரணர்கள் கூடியபோது பேச்செல்லாம் அவர்களைப் பற்றியே இருந்தது.

கர்நூலில் இருட்டியபின் போய் நின்ற எங்களுக்கு வகுப்பறைகளைத் திறந்துவிட்டு, குழாயடியையும் காட்டிவிட்டுப் போன பள்ளிக் காவலாளி ஐயாவுக்கு நன்றி.

ஆதிலாபாத் தாண்டியதும் பின்சக்கரத்தின் மேல் வண்டியின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கில் மெயின் பட்டை முறிந்து வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்த நேரம். ஒரு லாரிக்காரர் சொல்லி அனுப்ப, சைக்கிள் கேரியரில் ஜாக்கியைக் கட்டிக்கொண்டு ஒரு மெக்கானிக் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு உருது தெரியாது. நாங்கள் மாற்றி மாற்றிப் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடிக்க, அவர் மல்லாந்து படுத்து பட்டைகளை இறுக்கிப் பிடிக்கும் யு கிளாம்பைக் கழற்றி, வேறு பட்டை போட்டு முடித்தபோது விடிந்துவிட்டது. பட்டையின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். கூலியை நீட்டியபோது எங்களைக் காட்டி, வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளும் வயதில் நாங்கள் இல்லை. அந்த ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால் இப்படி ஒருவர் இருந்தார் என்று நாலு பேரிடம் சொல்லுங்கள்.

நாகபுரி வெயில் வேறு வகை. நம் அக்கினி நட்சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கும் அது புதுசு. அங்கே ரயில்வே குடியிருப்பில் இருந்த தமிழ் அம்மா ஒருவர் எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, மாங்காயை வேகவைத்து வெல்லம் கரைத்த பானகத்தைக் குடம் குடமாகக் கொடுத்தார். புறப்படும்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு வெங்காயம்; அனல்காற்று அண்டாதாம். அம்மா, உங்களை நினைக்காமல் நாங்கள் நாகபுரியைப் பற்றிப் பேசியதே இல்லை.

சிந்த்வாடா தாண்டி தாமியா மலைப்பாதையில் தண்ணீருக்காக நின்றோம். அங்கே பெண்கள் தரையில் கட்டுக்கட்டாக இலையைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியதுமே எங்களில் பலருக்கு வாசனை தெரிந்துவிட்டது. பீடி இலை! எங்கள் குழுவில் பாதிப்பேர் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள். மேலப்பாளையத்து நண்பன் ஒருவன் பதமான இலையாகப் பார்த்து எடுத்து, நகத்தால் நரம்பை வழித்து, தூள் இல்லாமலே சுருட்டி, நுனியை மடக்கிக் காட்டினான். சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஐம்பது ஐம்பதாக அவர்கள் கட்டி அனுப்பும் இலை எங்கே போகிறது என்று அன்றைக்கு அவர்களுக்கும், எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்கும் தெரிந்தது. மண்பானைத் தண்ணீரை எங்கள் கையில் வார்த்த அந்தப் பெண்களுக்கும் நன்றி.

அங்கே நிற்கும்போதுதான் வீட்டு ஞாபகம் வந்தது. பயணக் காசில் பெரும்பங்கு அம்மாக்கள் பீடிக்கடையில் வாங்கிய வாரக்கூலி. ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கிடைக்கும் என்பது அந்த வீடுகளுக்குத் தெரியும். அதிலிருந்து மிச்சம் பிடித்துக் கொடுத்து, வழிக்குப் புளியோதரையும் பொரிவிளங்காயும் கட்டிக் கொடுத்த அம்மாக்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எல்லா நன்றிக்கும் முதலில் நிற்கவேண்டியவர்கள் அவர்கள்தான்.

பச்மடி முகாம், தூப்கட் சிகரம், சௌராகட் உச்சியில் குவிந்து கிடக்கும் திரிசூலங்கள் எல்லாம் அருமை. அதையெல்லாம் பார்க்க வைத்த சாரண ஆசிரியருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம்.

கடைசியாக, மறைந்த ஓட்டுநர் அண்ணாச்சியின் பிள்ளைகளுக்கு. உங்கள் அப்பா உச்சிவெயிலில் வண்டி ஓட்டமாட்டார். புளியமரமோ வேப்பமரமோ பார்த்து நிறுத்திவிடுவார். ஆசிரியர் தலையெண்ணி முடித்தபிறகும் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். மட்குலியிலிருந்து மலையேறும்போது யாரும் பேசக்கூடாது என்று கண்டிப்பு. ஒரு சிராய்ப்பு இல்லாமல் எங்களை வீடு கொண்டுவந்து சேர்த்தார். முகாமில் எடுத்த குழுப் புகைப்படத்தில் அவரும் கழுத்தில் சாரணர் ஸ்கார்ஃபோடு நிற்கிறார், ஆசிரியர்தான் கட்டிவிட்டார். அதில் ஒரு பிரதி உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம். பள்ளிப் பக்கம் வரும்போது அவசியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பழைய சாரணர்கள் சார்பில்,
திருநெல்வேலி