சிந்துவுக்கு வந்த படையும் நான்கு விடைக் கேள்வியும்

போட்டித் தேர்வுகளுக்கு வரலாற்று வினாக்கள் எழுதித் தரும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பயிற்சி வகுப்பில் இந்திய வரலாறு நடத்துகிறவன் நான். பெரிய நிறுவனமெல்லாம் இல்லை. ஒரு மொட்டைமாடிக் கொட்டகை, இரண்டு மின்விசிறி, நாற்பது பிள்ளைகள். போன மாதம் ஒரு மாதிரி வினாத்தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். அதில் ஒரு கேள்வி: 'கி.பி. 712-இல் அரேபியர் சிந்துவின் மீது படையெடுத்ததன் முக்கிய நோக்கம் எது?' அ) இஸ்லாமைப் பரப்புதல், ஆ) செல்வத்தைக் கொள்ளையடித்தல், இ) கடற்கொள்ளையரைத் தண்டித்தல், ஈ) பேரரசை விரிவாக்குதல். விடைக்குறிப்பில் 'அ' என்று இருந்தது. இரண்டு வாரம் கழித்து வேறொரு தாளில் அதே கேள்வி, அதே நான்கு விடைகள். இந்த முறை குறிப்பில் 'இ'.

முன்வரிசையில் உட்காரும் ஒரு மாணவி இரண்டு தாளையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "சார், பரீட்சையில எதை ஷேட் பண்றது?" என்றாள். நான் விழித்தேன். பிறகு அடுத்த இரண்டு வகுப்பையும் பாடத்திட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கே செலவழித்தேன். அங்கே பேசியதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில், இதெல்லாம் நமக்கு எங்கிருந்து தெரியும்? அரபுப் படையெடுப்புகளைத் தொகுத்து எழுதிய பலாதுரி, பாக்தாதில் இருந்தவர், ஏறத்தாழ 892-இல் இறந்தவர். சம்பவத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. விரிவாக எழுதியவர்களில் அவரே நமக்கு ரொம்பக் கிட்டத்து ஆள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிந்து வீழ்ந்த கதையைச் சொல்லும் சச்நாமா என்ற நூல் அதற்கும் முந்நூறு வருடத்துக்கு மேல் பிந்தியது, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உச் நகரில் பாரசீகத்தில் எழுதப்பட்டது. சிந்து அரசன் தாஹிரின் மகள்கள் அரபுத் தளபதி முகமது பின் காசிமைப் பொய் சொல்லிப் பழிவாங்கிய கதை, அவனைப் பச்சைத் தோலில் வைத்துத் தைத்த கதை எல்லாம் அங்கிருந்து வருவதுதான். வினாத்தாள்களில் எது எந்த நூலில் இருந்து வந்தது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நான் கூடியவரை பலாதுரியிடமே நிற்கிறேன்.

கதை நம் பக்கத்துக் கடலில் தொடங்குகிறது. மாணிக்கத் தீவின் அரசன் ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூசுபுக்குச் சில பெண்களைக் கப்பலில் அனுப்பி வைத்தான் என்கிறார் பலாதுரி. மாணிக்கத் தீவு என்பது இலங்கை என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பெண்களின் முக அழகால் அந்தப் பெயர் வந்ததாம், இதுவும் அவர் சொல்வதே. வந்த பெண்கள் அந்தத் தீவிலேயே பிறந்தவர்கள், அங்கே வியாபாரம் செய்து இறந்துபோன முஸ்லிம் வணிகர்களின் மகள்கள். ஹஜ்ஜாஜின் தயவைப் பெறத்தான் அரசன் இதைச் செய்தான். வழியில், சிந்து ஆற்று முகத்துவாரப் பகுதியில் இருந்த தேபல் துறைமுகத்து மேத் இனக் கடற்கொள்ளையர் படகுகளில் வந்து கப்பலைப் பிடித்தார்கள். யர்பூ குலத்துப் பெண் ஒருத்தி "ஹஜ்ஜாஜே!" என்று கூவினாளாம். செய்தி போய்ச் சேர்ந்ததும் ஹஜ்ஜாஜ் "இதோ வந்தேன்" என்றானாம். சிந்துவின் அரசன் தாஹிருக்கு ஆள் அனுப்பி, பெண்களை விடுவிக்கச் சொன்னான். பிடித்தவர்கள் கொள்ளையர்கள், அவர்கள் என் கட்டுப்பாட்டில் இல்லை என்று பதில் வந்தது.

இங்கேயே நிறுத்தினால் 'இ' சரி. ஆனால் அரபுக் கப்பல்களும் குதிரைகளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கி அப்போதே எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கலீபா உமர் காலத்திலேயே பஹ்ரைன், ஓமன் பகுதியின் ஆளுநர் மும்பைக்குப் பக்கத்துத் தாணேவுக்கும் தேபலுக்கும் கடல்வழியே படை அனுப்பிப் பார்த்தார். உமருக்கு அது பிடிக்கவில்லை. புழுவை மரத்துண்டில் ஏற்றிக் கடலில் விட்டிருக்கிறாய், அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் குலத்திலிருந்து அத்தனை பேரை நான் எடுத்திருப்பேன் என்று எழுதினார். அடுத்த கலீபா உஸ்மான் ஒற்றனை அனுப்பி நாட்டைப் பார்த்துவரச் சொன்னார். தண்ணீர் குறைவு, பேரீச்சை மட்டம், திருடர்கள் துணிச்சல்காரர்கள், சின்னப் படை போனால் அழியும், பெரிய படை போனால் பட்டினி கிடக்கும் என்று ஒற்றன் வந்து சொன்னான். படை போகவில்லை. மதம் பரப்பும் கடமை மட்டுமே காரணமென்றால் பேரீச்சம்பழத்தின் தரத்தை எதற்கு விசாரிக்க வேண்டும்?

தேர்வுத் தாள்களில் நான் ஒருமுறைகூடப் பார்க்காத இன்னொரு காரணமும் இருக்கிறது. சிந்துவுக்கு மேற்கே மக்ரானில் ஹஜ்ஜாஜ் வைத்திருந்த ஆளுநரை அலாஃபி குடும்பத்தைச் சேர்ந்த அரபுக் கலகக்காரர்கள் கொன்றார்கள். அவர்கள் சிந்துவில் போய்த் தாஹிரிடம் அடைக்கலம் புகுந்தார்கள் என்பது சச்நாமா தரும் செய்தி. ஹஜ்ஜாஜ் ஏற்கெனவே சூடுபட்ட பூனை. இப்னுல் அஷ்அத் என்ற அவனுடைய சொந்தத் தளபதியே கிழக்கு எல்லையிலிருந்து படையைத் திருப்பிக்கொண்டு வந்து ஈராக்கையே ஆட்டிப்படைத்தவன். தோற்ற பிறகு அவனும் எல்லைக்கு அப்பால் ஸாபுலிஸ்தான் அரசனிடம்தான் தஞ்சம் புகுந்தான். அப்படிச் சூடுபட்ட ஹஜ்ஜாஜுக்கு, எல்லை தாண்டிய கலகக்காரனுக்குச் சோறு போடும் அரசன் ஒருவன் பக்கத்தில் இருப்பது எப்படிப் பொறுக்கும்? என்னைக் கேட்டால், கப்பல் விவகாரத்தைவிட இதற்குத்தான் எடை அதிகம்.

தேபலுக்கு முதலில் போன இரண்டு படைகளும் தோற்றன, தளபதிகள் இருவரும் செத்தார்கள். மூன்றாவதாகத்தான் ஹஜ்ஜாஜின் உறவினன் முகமது பின் காசிம் வருகிறான். வயது பதினேழு என்பார்கள். 6,000 சிரியப் படைவீரர்கள். ஹஜ்ஜாஜ் அவனுக்கு என்னென்ன கொடுத்தனுப்பினான் தெரியுமா? ஊசி நூல் வரைக்கும். அப்புறம் பஞ்சு. சிந்துவில் காடி (வினிகர்) கிடைப்பது கஷ்டம் என்று கேள்விப்பட்டு, பஞ்சைக் கெட்டியான காடியில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி மூட்டை கட்டி அனுப்பினான். அங்கே போய்த் தண்ணீரில் நனைத்தால் காடி தயார். இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இது கப்பல் பிடிபட்ட கோபத்தில் எழுந்து ஓடுகிறவன் செய்யும் காரியம் இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டவன் செய்தது.

தேபலில் நடந்ததை மழுப்பக் கூடாது. ஊர் நடுவே பெரிய கோயில், அதன்மேல் உயரமான கம்பம், கம்பத்தில் சிவப்புக் கொடி. காற்றடித்தால் அந்தக் கொடி ஊரையே சுற்றிவரும் என்கிறார் பலாதுரி. 'மணப்பெண்' என்று பெயரிட்ட கவண்பொறி ஒன்று, இழுக்க 500 பேர் வேண்டும், அதைக் கொண்டு அந்தக் கம்பத்தைக் குறிவைத்து முறித்தார்கள். கம்பம் விழுந்ததும் ஊராரின் நெஞ்சுரமும் போயிற்று. மூன்று நாள் வெட்டு. கோயில் பணியாளர்களும் கொல்லப்பட்டார்கள். முகமது அங்கே பள்ளிவாசல் எழுப்பி, 4,000 முஸ்லிம்களைக் குடியமர்த்தினான். 'மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை' என்று நம்மில் ஒரு கூட்டம் சொல்கிறதே, அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டித்தான் அதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் அடுத்த ஊருக்கு வாருங்கள். நெரூன் நகரத்தார் முன்னமே இரண்டு துறவிகளை ஹஜ்ஜாஜிடம் அனுப்பி உடன்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அரபு நூலில் அவர்களைக் குறிக்கும் சொல் நம் 'சமணர்' என்ற சொல்லுக்கு உறவு. ஆனால் அங்கே அது பௌத்தத் துறவிகளைக் குறிக்கிறது. அரசன் பிராமணன், குடிகளில் பெரும்பங்கு பௌத்தர் என்ற நாட்டில் நெரூன்காரர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று பாருங்கள். படை வந்தபோது கதவைத் திறந்து தீனி போட்டார்கள். அந்த ஊரில் வெட்டு இல்லை.

712-இல் தாஹிர் யானைமேலிருந்து போரிட்டு, இறங்கி நின்று சண்டையிட்டு மாண்டான். அவன் தலைநகரம் அலோர் சரணடைய நிபந்தனை போட்டது: உயிர்களைத் தொடக்கூடாது, கோயிலில் கைவைக்கக் கூடாது. முகமது ஒத்துக்கொண்டான். இந்தக் கோயிலும் கிறித்தவர்களின் தேவாலயம், யூதர்களின் ஜெபக்கூடம், ஜொராஸ்திரியர்களின் நெருப்புக்கோயில் போன்றதுதான் என்று சொல்லி, நிலவரி விதித்துவிட்டு மேலே நடந்தான். தேபலில் கம்பத்தை முறித்த அதே ஆள்! வகுப்பில் ஒரு பையன் "அப்ப மனசு மாறிட்டானா சார்?" என்று கேட்டான். மனம் மாறவில்லை, ஊர் மாறியது. எதிர்த்து நின்ற ஊருக்கு ஒரு சட்டம், வரி கட்ட ஒத்துக்கொண்ட ஊருக்கு வேறு சட்டம். இரண்டுக்குமே மதத்திலிருந்து எடுத்த சொற்கள் கையிருப்பில் இருந்தன.

முல்தானில் தண்ணீர் வரும் வாய்க்காலை வெட்டித் தாகத்தால் பணியவைத்தான். கோயில் பணியாளர் 6,000 பேர் சிறைப்பட்டார்கள். 10 முழம் நீளம், 8 முழம் அகலமுள்ள ஓர் அறைக்குள் கூரைத் துவாரம் வழியாகப் பொன்னைக் கொட்டி வைத்திருந்தார்கள். அதனால் அந்த ஊருக்கே 'பொன்வீட்டு எல்லை' என்று அரபியில் பெயர் வந்தது. பொன்னை எடுத்தார்கள், சூரியன் சிலையை விட்டுவைத்தார்கள். சிலையைத் தேடி வரும் யாத்திரிகர்களால்தான் ஊர் செழிக்கிறது என்று தெரிந்துகொண்டு விட்டுவைத்தான், கேலிக்கு அதன் கழுத்தில் மாட்டிறைச்சித் துண்டைத் தொங்கவிட்டான் என்கிறார் 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி. காணிக்கையும் வேண்டும், அவமதிப்பும் வேண்டும். இதை 'அ'வில் வைப்பீர்களா, 'ஆ'வில் வைப்பீர்களா? 10-ஆம் நூற்றாண்டில் முல்தானை ஆண்ட அரபு அமீர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அக்கம்பக்கத்து இந்து அரசர்கள் படையெடுத்து வந்தால் சிலையை உடைத்துவிடுவோம் என்று மிரட்டியே திருப்பி அனுப்பினார்கள். சிலை அவர்களுக்குக் கோட்டைச் சுவர்.

எல்லாம் முடிந்த பிறகு ஹஜ்ஜாஜ் கணக்குப் பார்த்தான். செலவு 6 கோடி திர்ஹாம். வரவு 12 கோடி. பலாதுரி பதிவு செய்திருக்கும் அவன் பேச்சின் சாரம் இது: கோபம் ஆறியது, பழி தீர்ந்தது, 6 கோடி திர்ஹாம் லாபம், போதாததற்குத் தாஹிரின் தலையும். இதில் மதமாற்றக் கணக்கு ஒன்றுகூட இல்லை. தொகைகளைச் சற்றே சந்தேகப்படலாம், இரட்டிப்பு என்பது கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. ஆனால் அவன் எதை முன்னே வைத்து எண்ணினான் என்று அந்தக் கால அரபு வாசகர்கள் நம்பினார்கள் என்பதை மறுக்க முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே ஹஜ்ஜாஜ்தான் ஈராக்கில் இஸ்லாமுக்கு மாறி நகரத்துக்கு வந்த உழவர்களைப் பிடித்துத் திரும்பக் கிராமத்துக்கு விரட்டியவன். மாறினாலும் பழைய வரியைக் கட்டு என்றான். எல்லாரும் மாறிவிட்டால் கஜானாவுக்கு யார் கட்டுவது? இத்தனைக்கும் இவன் இளமையில் தாயிபில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார். குர்ஆன் எழுத்தைச் சீர்ப்படுத்தியதில் இவனுக்குப் பங்குண்டு என்பது மரபு. பக்தி இல்லாதவன் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்தி வரி வசூலின் குறுக்கே வரவில்லை, அவ்வளவுதான்.

இனி வருவதைத்தான் வகுப்பில் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். 717-இல் கலீபாவான இரண்டாம் உமர், பக்திக்குப் பேர்போனவர், சிந்துவின் அரசர்களுக்குக் கடிதம் எழுதினார். இஸ்லாமை ஏற்றால் உங்கள் ஆட்சி உங்களுக்கே, முஸ்லிம்களுக்குள்ள உரிமை உங்களுக்கும் உண்டு என்றார். அவர் காலத்திலும் எல்லைச் சண்டை நடக்காமல் இல்லை, ஆனாலும் கடிதம் கடிதம்தான். தாஹிரின் மகன் ஜெய்சிம்மன் அதை ஏற்று, அரபுப் பெயரும் வைத்துக்கொண்டான். சில வருடங்களில் சிந்துவுக்கு ஆளுநராக ஜுனைத் வந்து ஆற்றங்கரையில் நின்றான். ஜெய்சிம்மன் ஆற்றைக் கடக்க விடவில்லை. நான் முஸ்லிம் ஆகிவிட்டேன், ஒரு நல்ல மனிதர் என் நாட்டை என்னிடமே விட்டுவைத்தார், உன்னை நான் நம்பமாட்டேன் என்று சொல்லியனுப்பினான். பிணைகள் கைமாறின, பிறகு படகுச் சண்டை நடந்தது, ஜெய்சிம்மனைப் பிடித்துக் கொன்றார்கள். அவன் மதம் திரும்பிவிட்டான் என்று ஒரு பேச்சு, ஜுனைத் வீணாகப் பழிசுமத்தினான் என்று இன்னொரு பேச்சு. பலாதுரி இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார். ஈராக்குக்குப் போய் இந்தத் துரோகத்தை முறையிடப் புறப்பட்ட அவன் சகோதரனை ஜுனைத் நயமாகப் பேசி வரவழைத்து அவனையும் கொன்றான்.

முகமது பின் காசிமின் முடிவும் அதே மாதிரிதான். 714-இல் ஹஜ்ஜாஜ் இறந்தான், 715-இல் கலீபா வலீதும் போனார். புதிய கலீபா சுலைமானுக்கு ஹஜ்ஜாஜின் ஆட்கள் யாரையும் ஆகாது. முகமதை விலங்கிட்டு ஈராக்குக்குக் கொண்டுபோய் வாசித் நகரச் சிறையில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அதைச் செய்த அதிகாரியின் சகோதரனை முன்பு ஹஜ்ஜாஜ் கொன்றிருந்தான். வெற்றிபெற்ற மதவீரன் என்ற பெயர் அவனைக் காப்பாற்றவில்லை. கீரஜ் என்ற ஊரில் இந்திய மக்கள் அவனுக்காக அழுது, அவன் உருவத்தைச் செய்து வைத்தார்களாம். இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று நான் யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

உங்களுக்கு என் கருத்து வேண்டுமென்றால், படையை அனுப்பிய முடிவு அரசியல்தான், கூடவே கணக்கு. ஆனால் மதத்தை உருவிவிட்டால் மிச்சம் நிற்காது. கொள்ளையில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு, மற்றது படைக்கு என்பது மதச் சட்டம். முஸ்லிம் அல்லாதவன் ஜிஸ்யா என்ற வரியைக் கட்டிக்கொண்டு வாழலாம் என்பதும் மதச் சட்டம். சிரியாவிலிருந்து இத்தனை தூரம் நடந்து வந்த சிப்பாய், கூலிக்கும் வந்தான், செத்தால் சொர்க்கம் என்றும் நம்பி வந்தான். அவனிடம் போய் 'நீ எதற்கு வந்தாய், மதத்துக்கா அரசியலுக்கா?' என்று கேட்டால் அவனுக்குக் கேள்வியே விளங்காது. அவனுடைய கலீபா இரண்டுக்குமே தலைவர்.

அதனால் 'முக்கிய நோக்கம் எது' என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்க வேறு எவ்வளவோ இருக்கிறது. தேபலையும் அலோரையும் ஏன் வேறுவேறு விதமாக நடத்தினான் என்று கேளுங்கள். உஸ்மான் ஏன் படை அனுப்பவில்லை என்று கேளுங்கள். நான்கு விடைதான் வைத்தாக வேண்டும் என்றால், முல்தான் எதனால் பணிந்தது என்று கேட்டு 'வாய்க்கால்' என்று ஒரு விடை வையுங்கள். அதற்கு இரண்டு விடைக்குறிப்பு இருக்காது.

அந்த மாணவிக்குத் தேர்வு இன்னும் மூன்று வாரத்தில். கேள்வி வந்தால் மேசைமேல் எந்தத் தாள் கடைசியாக இருந்ததோ அந்த விடையையே கறுப்பாக்கிவிட்டு வா, நெகடிவ் மார்க் கிடையாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பயிற்சி வகுப்பு ஆசிரியர்