தகரப்பெட்டிப் படங்கள்

காரைக்குடி

அன்பு வள்ளி,

பதில் போட மூன்று வாரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த வெள்ளைப் பணியாரக் கதையைச் சொல்லி உன்னைத்தான் கேட்கிறார்.

பங்கு பிரித்ததில் வந்த தகரப்பெட்டிப் பழைய புகைப்படங்களை வெட்டி, துண்டுகளை ஒட்டி கொலாஜ் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். செய். ஆனால் ஒரே பிரதி இருக்கிற படத்தில் கத்திரி வைக்காதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிடு. ரங்கூன், பினாங்கு ஸ்டூடியோ முத்திரை, ஐயா கையால் எழுதிய பெயர் எல்லாம் பின்னால்தான் இருக்கும். அட்டையில் ஒட்டினால் போச்சு. முகப்பில் மாட்டியிருந்தவை கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால் இழுக்காதே, முகம் கண்ணாடியிலேயே உரிந்து தங்கிவிடும். அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் செய்.

கைபழக முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் யாருடையது என்றே தெரியாத படங்களாக வாங்கிக்கொள். மூலையைக் கொஞ்சம் கிழித்துப் பார். நார் நாராகக் கிழிந்தால் பழைய வகைக் காகிதம். பிளாஸ்டிக் போல இழுபட்டால் 1970களிலிருந்து பரவிய பிளாஸ்டிக் பூச்சுக் காகிதம். அதில் தண்ணீர் உள்ளே இறங்காது, சீக்கிரம் கழுவிவிடலாம்.

பின்னணியை வெளுக்கத் துணி வெளுக்கும் பிளீச் வேண்டாம். அது படத்தின் கறுப்பாக இருக்கிற வெள்ளியோடு நிற்காமல், அதைத் தாங்குகிற மேற்படலமான ஜெலட்டினையே தின்றுவிடும். 100 மில்லி தண்ணீரில் 1 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு போட்டால் வெளிர் மஞ்சளாக வரும். படத்தை முதலில் வெறும் தண்ணீரில் 5 நிமிடம் ஊறவைத்து, மேலே நிற்கிற நீரை ஒற்றியெடுத்து, அந்த மஞ்சள் கரைசலைப் பஞ்சுக்குச்சியால் வேண்டிய இடத்தில் மட்டும் தடவு. நினைத்த அளவுக்குச் சற்று முன்னாலேயே கழுவி நிறுத்து. அடுத்து ஹைப்போவில் (ஸ்டூடியோக்காரர்கள் படம் கழுவுகிற சோடியம் தயோசல்பேட் உப்பு) போட்டதும் இன்னும் வெளுக்கும். ஹைப்போ 100 மில்லிக்கு 20 கிராம், 5 நிமிடம். பழைய காகிதமானால் தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் அலசு, இல்லாவிட்டால் பின்னாளில் மஞ்சள் கறை பூக்கும். கையுறை போட்டுக்கொள், சமையல் பாத்திரத்தை எடுக்காதே, ஆசிட் பக்கத்திலேயே இருக்கக்கூடாது, விஷவாயு கிளம்பும்.

இந்த வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை மட்டும் தொடாதே! சூட்டில் ஜெலட்டின் இளகி, விரல் பட்டாலே வழன்றுவிடும். பானைத் தண்ணீர்தான் சரி. ஈரப் படத்தை முகம் மேலாக உலர்த்து, செய்தித்தாளில் கவிழ்த்தால் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கையால் வண்ணம் தீட்டிய படங்களை நனைக்கவே நனைக்காதே.

நிறம் ஏற்ற எனக்குப் பிடித்தது டீ டிகாஷன்தான். கறுப்பு கறுப்பாகவே நிற்கும், வெள்ளை மட்டும் பழுப்பாகும். கிழித்து ஒட்டும்போது ஒரு துண்டில் வெள்ளை விளிம்பு வரும், மற்றதில் வராது. எந்தப் பக்கம் இழுத்தால் எதில் வரும் என்று வேண்டாத துண்டில் பார்த்துக்கொள். அட்டை வளையாமலிருக்கப் பின்னாலும் அதே கனத்தில் ஒரு தாள் ஒட்டு.

சின்ன ஐயா மடியில் நீ அழுகிற படம் அந்தப் பெட்டியில்தானே இருக்கிறது? அதை முதலில் ஸ்கேன் செய்து அனுப்பு.

அன்புடன்,
மீனா