டெல்டாவை எழுதியாயிற்று, வரைந்தாயிற்றா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் நாவல் கட்டுரை, காவிரி டெல்டாவைப் பற்றி எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடித்துவிட்டார்கள் என்கிற தொனியில் இருந்தது. நீடாமங்கலத்துக்காரனான எனக்கு அதை ஒப்ப மனம் வரவில்லை. ஆற்றங்கரையை எழுதியிருக்கிறார்கள், கும்பகோணத்துத் தெருக்களை எழுதியிருக்கிறார்கள். வயலில் இறங்கியவர்கள் குறைவு. படக்கதையாக வரைந்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை.

சமீபத்தில் படித்தவற்றை வைத்தே சொல்கிறேன். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலை மறுபடி எடுத்தேன். அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அப்புவும் இந்துவும் பேசிக்கொள்ளும் இடங்கள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. அந்த நாவலின் கவலை வேறு. அதில் போய் நடவையும் களையெடுப்பையும் தேடுவது நியாயமில்லை.

என்னை நிறுத்தி வைத்தது எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’. கும்பகோணத்து சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்களின் கதை. கண்ணன், கௌசலை, ஹேமா மூவருக்கும் நடுவில் நடப்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குத் தறியும் கூலியும் கடனும்தான் மனதில் தங்கின. ஆசிரியரே சௌராஷ்டிரர், ஜரிகை வியாபாரமும் பார்த்தவர். தொழிலைத் தூர நின்று பார்த்து எழுதுகிறவர் எங்கே விளக்க ஆரம்பிப்பாரோ, அங்கே இவர் பேசாமல் கடந்து போகிறார். ‘காதுகள்’ நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது வந்ததால் அதையே எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ‘வேள்வித் தீ’தான் ஒரு படி மேல்.

அடுத்து, கீழத்தஞ்சைக் கிராமமான கீழவெண்மணியைப் பற்றிய இரண்டு நாவல்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட சனங்களில் 44 பேர், மிராசுகளின் ஆட்கள் வைத்த தீயில் ஒரே குடிசைக்குள் எரிந்துபோனார்கள். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977இல் அகாதமி விருது வாங்கியது. கட்டுக்கோப்பான நாவல், கீழே வைக்க விடாது. ஆனால் டெல்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் பேசிப் பேசித்தான் நமக்கு ஊரே தெரிகிறது. அதைவிட, நாவலில் வரும் மிராசுதார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்குக் காரணத்தை அவருடைய ஆண்மைக் குறைவில் போய்த் தேடுவது எனக்குச் சரிப்படவில்லை. நெல் அளப்பதில் வந்த சண்டையை ஒரு மனிதனின் உடம்புக் கோளாறாகச் சுருக்கிவிட்டால், மற்ற மிராசுகளெல்லாம் நல்லவர்களாகத் தப்பித்துக்கொள்கிறார்கள். நாவல் வந்த காலத்திலேயே இடதுசாரிகள் இதைச் சொன்னார்கள். நாவல் நன்றாக எழுதப்பட்டிருப்பதால் அந்தக் குறை இல்லாமல் போய்விடாது.

சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ இதற்கு நேர் எதிர். கைத்தேர்ச்சியில் ‘குருதிப்புனல்’ பக்கத்தில் நிற்காது. சில பக்கங்கள் விவசாயச் சங்கக் கூட்டத்துப் பேச்சை அப்படியே இறக்கி வைத்ததுபோல ஓடும். இருந்தும், வாயைத் திறக்கிறவர் எங்கள் பக்கத்து ஆள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வயலில் குனிந்து நிற்கிறவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேசிக்கொள்கிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். இலக்கியக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி காமிக்ஸ். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது, 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. இன்றைக்கும் இரண்டும் வருகின்றன. எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினால் எத்தனை பக்கம் ஓடும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். ‘இரத்தப் படலம்’ தொடர் முதல் ஐந்து பாகம் வரை மூச்சுவிட முடியாது. அப்புறம் ஞாபகம் தொலைத்த அதன் நாயகனுக்குப் புதிது புதிதாக அப்பாவைக் கண்டுபிடித்துக்கொண்டே போகிறார்கள், சலித்துவிட்டது. கௌபாய் நாயகன் கேப்டன் டைகரின் ‘தங்கக் கல்லறை’ அப்படியல்ல. பாலைவனத்தை வரைந்திருக்கும் பக்கங்களைப் பார்த்தாலே நாக்கு வறள்கிறது.

இன்னொரு கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1948இல் இத்தாலியில் காமிக்ஸாகப் பிறந்தவர், இன்றைக்கும் மிலானிலிருந்து மாதாமாதம் வருகிறார். துப்பாக்கிச் சண்டை, கூட்டாளி வெள்ளிமுடியாரின் புலம்பல் எல்லாம் இருக்கட்டும். ரேஞ்சர் என்கிற காவல் படைக்காரரான இந்த டெக்ஸ்தான் அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோக்களின் தலைவர் இரவுக் கழுகு. நவஹோப் பெண்ணான அவர் மனைவி லிலித் எப்படிச் செத்தாள்? வெள்ளைக்கார வியாபாரிகள் தெரிந்தே விற்ற அம்மை நோய்க் கம்பளிகளால். நிலம் பறிபோனவர்களின் வழக்கை மாதப் பத்திரிகைச் சாகசக் கதைக்குள்ளேயே வைத்துப் பேச முடிகிறது. மிலானில் உட்கார்ந்துகொண்டு அரிசோனாவை வரைய அவர்களுக்குக் கூச்சமில்லை. நமக்கோ படக்கதை என்றால் சோழ ராஜாக்கள் குதிரையில் வந்தாக வேண்டும்.

நீடாமங்கலம் பக்கத்தில், மூணாறு தலைப்பு என்கிற மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிறது. எதில் எவ்வளவு விடுகிறார்கள் என்பதில்தான், பாசனத்தின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரனின் அந்த வருஷம் இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் பேப்பரில் படம் வரும். தண்ணீர் கடைமடைக்கு என்றைக்கு வந்தது என்பதற்குப் படம் வராது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடக் கூடாதே என்று தார்ப்பாயோடு காவல் கிடக்கும் மழை ராத்திரி ஒன்று போதும், நல்ல ஓவியர் முப்பது பக்கம் வரைவார். அதில் வசனமே தேவைப்படாத பக்கங்கள் நிறைய இருக்கும். நாவலாசிரியர் அதற்கு எத்தனை பாரா எழுத வேண்டியிருக்கும்! ‘செந்நெல்’லில் பேச்சு நீண்டுபோன இடங்களையெல்லாம் கோட்டோவியம் ஒரு கட்டத்தில் முடித்திருக்கும் என்றும் படிக்கும்போதே தோன்றியது.

இந்தப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரையும் ஓவியர் ஒருவரையும் சேர்த்து, மாதம் நான்கு பக்கம் தொடர் படக்கதைக்கு நீங்கள் ஒதுக்கலாம். ஓவியருக்குக் கதாசிரியரைவிடக் கூடுதலாகவே சன்மானம் கொடுங்கள், வேலை அவருக்குத்தான் அதிகம். இடத்துக்காக ராசிபலன் பக்கத்தை எடுத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் உங்கள் இதழைப் பிரித்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
நீடாமங்கலம்.